கணினிக்கு முன்னே காகிதம்: மென்பொருள் மாணவர்க்கு வடிவமைப்புப் பயிற்சி

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. அதே சாலையில் சற்று வடக்கே, கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978 ஆம் ஆண்டில் உருவாக்கிய மின்னணு நகரம் அமைந்துள்ளது. ஊரைத் தாண்டினால் தமிழ்நாடு. ஒருபுறம் நாடறிந்த மென்பொருள் நிறுவனங்கள். மறுபுறம் தொழிற்பேட்டையிலும் கட்டட வேலையிலும் பிழைப்பதற்காகப் பல மாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்கள். மென்பொருள் பயிலும் மாணவர் வடிவமைப்பைக் கற்பதற்கு இதனினும் பொருத்தமான ஊரைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

'வடிவமைப்புச் சிந்தனை' என்ற சொல் இன்று தொழில் வட்டாரங்களில் பெரிதும் வழங்குகிறது. மின்னணு நகரில் தலைமையகம் கொண்ட இன்போசிஸ் நிறுவனம் 2014 ஆம் ஆண்டுக்குப் பின்னர் தன் ஊழியர்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர்க்கு இப்பயிற்சியை அளித்தது. ஆயினும் இது வெளிநாட்டிலிருந்து புதிதாக இறக்குமதியான பொருள் என்று எண்ணுவது சரியாகாது. 1958 ஆம் ஆண்டில், இந்திய அரசின் அழைப்பின் பேரில் வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் அளித்த அறிக்கை, நம் வீடுகளில் உள்ள செம்பையே நல்ல வடிவமைப்புக்குச் சான்றாகக் காட்டியது. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், அதைத் தூக்கும் கை எத்தகையது, தலையில் சுமப்பதா இடுப்பில் சுமப்பதா, நிரம்பியபோதும் வெறுமையானபோதும் எடை எங்கே நிற்கும், உள்ளும் புறமும் துலக்க எளிதா, விலை என்ன என்றெல்லாம் அவர்கள் வினவிப் பார்த்தனர். செம்பை வடிவமைத்தவர் ஒருவர் அல்லர்; பல தலைமுறையினர் என்பதையும் சுட்டினர். அவ்வறிக்கையின் வழியில் 1961 ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969 ஆம் ஆண்டிலும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1998 ஆம் ஆண்டிலும் இத்துறைக்கெனத் தனி மையங்கள் அமைந்தன. மென்பொருள் வகுப்பில் முதல் நாளன்று ஒரு செம்பை மேசை மேல் வைத்து, அதைப் பற்றி முப்பது வினாக்கள் எழுதச் சொல்லலாம். பத்தாவது வினாவுக்குப் பிறகுதான் மாணவர் உண்மையில் பார்க்கத் தொடங்குகிறார்.

ஏனெனில், மென்பொருள் மாணவரின் பழக்கம் வேறு. கணக்கு கொடுக்கப்படுகிறது, விடை காணப்படுகிறது, கணக்கே சரியானதுதானா என்று கேட்க அவருக்கு இடமில்லை. 2007 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வகுப்பொன்றில், குறை எடையுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு மலிவான வெப்பப் பெட்டி வடிவமைக்கும் பணி ஒரு மாணவர் குழுவுக்குத் தரப்பட்டது. அக்குழுவில் கணினி அறிவியல் மாணவர் ஒருவரும் இருந்தார். அவர் நேபாளம் சென்று பார்த்தபோது, மருத்துவமனைகளில் வெப்பப் பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. குழந்தைகளோ அங்கு வந்து சேர முடியாத சிற்றூர்களில் பிறந்துகொண்டிருந்தன. கணக்கே மாறிவிட்டது. பெட்டிக்குப் பதிலாக, உருகும்போதும் உறையும்போதும் சீரான வெப்பம் காக்கும் மெழுகு போன்ற பொருளைக் கொண்ட சிறு உறை உருவாயிற்று. பின்னர் அக்குழு பெங்களூருக்கு வந்து 'எம்பிரேஸ்' என்ற பெயரில் பணியைத் தொடர்ந்தது.

கதை அதனோடு முடியவில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு தாயிடம் அவ்வுறையைக் காட்டி, 37 பாகை வரை சூடாக்க வேண்டும் என்றனர். வெளிநாட்டு மருந்து வீரியம் மிக்கது, ஆகவே சொன்னதைவிடக் குறைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு என்பது அவ்வூரார் நம்பிக்கை. அத்தாயும் 30 பாகையோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். கருவியில் பிழையில்லை, காட்டிய எண்ணே ஆபத்தாக இருந்தது. எண்ணை நீக்கிவிட்டு, 'சரி', 'சரியில்லை' என்ற இரு குறிகளை மட்டும் வைத்தனர். அலுவலக மேசையில் இருந்துகொண்டு இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இனி அத்திபெலேக்கு வருவோம். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் கர்நாடகம் 2020 சனவரியிலும், தமிழ்நாடு அதே ஆண்டு அக்டோபரிலும் சேர்ந்தன. 2022 சூனில் நாடு முழுவதும் இணைந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் குடும்ப அட்டையுடைய தருமபுரி மாவட்டத் தொழிலாளி ஒருவர், அத்திபெலேயின் நியாயவிலைக் கடையில் விரல்ரேகை வைத்துத் தானியம் பெறலாம். தன் பங்கை மட்டும் இங்கே வாங்கினால், ஊரிலுள்ள மனைவி மக்கள் மீதியை அங்கே வாங்கிக்கொள்ளலாம். சட்டப்படியான தானியம் மட்டுமே இவ்வாறு எல்லை தாண்டி வரும்; தமிழ்நாட்டரசு தன் பொறுப்பில் தரும் கூடுதல் அரிசியும் பருப்பும் வாரா.

இதையே பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். நான்கு மாணவர் ஒரு குழு. ஒருவர் தொழிலாளி; செங்கலும் சிமெண்டும் தேய்த்த விரலுக்கு ஈடாக அவர் விரல் நுனிகளில் பசை நாடாவை ஒட்டிவிட வேண்டும். ஒருவர் கடைக்காரர், வரிசை நீள்வதால் அவருக்குப் பொறுமை குறைவு. ஒருவர் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் மனைவி. நான்காமவர்தான் கணினி. திரைகள் யாவும் தாள்களில் வரையப்பட்டிருக்கும். தொழிலாளியோ கடைக்காரரோ தொட்ட இடத்துக்கேற்ப அவர் தாளை மாற்றி வைக்க வேண்டும். அவர் வாய் திறக்கக் கூடாது. இவ்விதியில்தான் பயிற்சியின் உயிர் இருக்கிறது. "அதை அழுத்தாதீர்கள், இதை அழுத்துங்கள்" என்று விளக்கும் உரிமை வடிவமைத்தவருக்கு இல்லாதபோது, தன் திரை எவ்வளவு ஊமை என்பதை அவரே காண்பார்.

முதல் முறை வரையும்போது 'முழு ஒதுக்கீடு' என்ற பொத்தானைப் பெரிதாக நடுவில் போடுவது மாணவர்க்கு இயல்பாக வரும். நிரல் எழுதுவதற்கு அதுவே எளிது. அவசரத்தில் கடைக்காரர் அதைத்தான் அழுத்துவார். அந்தக் கணமே ஊரில் உள்ள குடும்பத்தின் அம்மாதப் பங்கு தீர்ந்துபோகிறது. தொலைபேசியில் பேசும் மாணவி, "இங்கே கடையில் ஒன்றுமில்லை என்கிறார்களே" என்று சொல்லும்போதுதான், ஒரு பொத்தானின் இடம் ஒரு வீட்டின் உலையோடு தொடர்புடையது என்பது விளங்கும். விரல்ரேகை ஏற்கப்படாதபோது வரும் தாளில் என்ன எழுதுவது, எம்மொழியில் எழுதுவது, அடுத்த வழியைத் தொழிலாளிக்குச் சொல்வதா, கடைக்காரருக்குச் சொல்வதா என்பவை அடுத்தடுத்து எழும். ஒரு பிற்பகலில் இருபது தாள்கள் கிழிபடலாம். எழுதி முடித்த நிரலை மாற்றுவதைவிட இச்செலவு மிகக் குறைவு.

வண்ணச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதே வடிவமைப்புச் சிந்தனை என்ற எண்ணம் சில இடங்களில் பரவியிருக்கிறது. சீட்டில் எழுதியதை எவரேனும் கடைவாயிலில் நின்று சரிபார்த்தாரா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இப்பயிற்சிக்குத் தேர்வு முறையும் இடங்கொடுக்க வேண்டும். சரியான விடை ஒன்றே என்ற அடிப்படையில் மதிப்பெண் இடப்படும்வரை, மாணவர் முதல் தாளையே கடைசித் தாளாக வைத்துக்கொள்வார். கைவிட்ட தாள்களுக்கும், ஒவ்வொன்றையும் கைவிட்ட காரணத்துக்கும் மதிப்பெண் உண்டு என்றால் நிலைமை மாறும். இதே குறை அரசு அலுவலகங்களிலும் உண்டு. மென்பொருளின் தேவைக் குறிப்பு ஒப்பந்தப்புள்ளியில் முழுமையாக எழுதப்பட்டு, பின்னர் ஓர் எழுத்தும் மாறாமல் நிறைவேற்றப்படுகிறது. குறிப்பை எழுதுமுன் சில நாட்கள் கடையில் காகித மாதிரியை வைத்துச் சோதிப்பதற்கு ஒரு சிறு தொகையை ஒதுக்குவது எந்தத் துறைக்கும் பெரும் சுமையன்று.

மாணவரைக் கடைக்கு அனுப்புமுன் உணவுத் துறை அலுவலரின் இசைவும் கடைக்காரரின் சம்மதமும் பெற வேண்டும். எவருடைய அட்டை எண்ணையும் ஆதார் எண்ணையும் குறிப்பேட்டில் எழுதலாகாது. வரிசையைக் கவனிப்பதற்குக் கூட்டம் மிகுந்த நாளே ஏற்றது. தாளைக் காட்டி ஒருவரோடு உட்கார்ந்து பேசுவதற்குக் கூட்டம் குறைந்த நாளில் போக வேண்டும். கூலிக்குச் செல்பவர் வேலை முடிந்து திரும்பும் மாலை நேரமாகவும் அது இருக்க வேண்டும்.