நீர்த்துளி வண்டியும் அதன் கணப்பும்

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது பழமொழி. இதனைச் சொல்லுக்குச் சொல் மெய்ப்பித்து வருவோர் அமெரிக்க நாட்டிலே இருக்கிறார்கள் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். மோட்டார் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க, இருவர் படுத்துறங்க மட்டுமே இடமுள்ள ஒரு சின்னஞ்சிறு வீட்டை அவர்கள் தம் கையாலேயே செய்துகொள்கிறார்கள். முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து இறங்கும் அதன் வடிவத்தைப் பக்கத்திலிருந்து நோக்கினால், நீர்த்துளி ஒன்றைப் படுக்கவைத்தாற் போலத் தோன்றும். ஆங்கிலத்தில் அதற்குக் கண்ணீர்த்துளி என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. உல்லாசப் பயணத்துக்கென்று செய்த வண்டிக்குக் கண்ணீர் என்று பெயரிடுவது தமிழ்ச் செவிக்கு அவ்வளவு மங்கலமாகப் படாது. ஆகையால் நீர்த்துளி வண்டி என்பதே இங்கே போதுமானது.

இவ்வண்டி 1930-ஆம் ஆண்டுகளிலே தோன்றியது. மோட்டார் கார் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியிருந்த காலம் அது. ஆயின், விடுதிகளில் தங்குவதற்குப் பலரிடம் பணம் இல்லாதிருந்த காலமும் அதுவே. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், யுத்தத் தேவைக்கென உருவாகி மிஞ்சிக் கிடந்த அலுமினியத் தகடுகள் மலிவாகக் கிடைத்தன. 'மெக்கானிக்ஸ் இலஸ்ட்ரேட்டட்' என்னும் சஞ்சிகை 1947 செப்டெம்பர் இதழிலே இவ்வண்டியைச் செய்வதற்கான வரைபடத்தை வெளியிட்டது. அதைப் பார்த்துப் பலர் தத்தம் வீட்டுக் கொட்டிலிலே வாளும் சுத்தியலுமாக இறங்கினர். பின்னர் பெரிய இழுவண்டிகள் பெருகவே, சிறியது மறக்கப்பட்டது. 1990-ஆம் ஆண்டுகளில் அது மறுபடியும் தலையெடுத்து, இன்று முன்னிலும் அதிகமானோர் அதனைச் செய்து வருகின்றனர்.

வண்டியின் அளவைத் தீர்மானித்தவன் தச்சனல்லன்; பலகை வியாபாரி எனலாம். ஒட்டுப்பலகை அங்கே 8 அடி நீளமும் 4 அடி அகலமுமாக விற்கப்படுகிறது. ஆகவே பழைய வண்டிகளின் பக்கச் சுவர் ஒன்றுக்கு ஒரு பலகை, தளத்துக்கு ஒரு பலகை என்று கணக்கு முடிந்தது. உள்ளே நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. சமையற்கட்டு வண்டியின் பின்புறத்திலே உள்ளது. அங்கே பெட்டி மூடியைப் போன்ற பெருங்கதவு ஒன்று மேல்நோக்கித் திறக்கும். சமைப்பவர் அதன் நிழலில் வெளியே நின்றுகொண்டே அடுப்பை மூட்டுவார். திருவிழாக்களுக்குக் கூடார வண்டி கட்டிச் சென்று, மரநிழலில் அவிழ்த்துவிட்டுப் பக்கத்திலே கல் வைத்து உலையேற்றிய காலத்தை அறிந்த முதியோருக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

சட்டம் அமைத்து, சுவர் நிறுத்தி, வளைந்த கூரைக்குக் குறுக்குச் சட்டங்களை அடித்தபின் வண்டி முடிந்துவிட்டது போலக் காணப்படும். உண்மையில் பாதி வேலைகூட முடிந்திராது. எஞ்சியிருப்பது நீரோடு நடத்தும் போர். ஒட்டுப்பலகையின் முகத்தை மழை அவ்வளவாக வருத்துவதில்லை. அதன் வெட்டுமுகமே பகைவன் நுழையும் வாயில். கதவுக்கும் சாளரத்துக்கும் வெட்டிய ஓரங்களிலே நீர் உறிஞ்சப்பட்டால், பலகையின் தாள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து உப்பிவிடும். ஆகையினாலே தேர்ந்தவர்கள் வார்னிஷை முதலில் நன்றாகக் கரைத்து நீர்போலாக்கி, வெட்டுமுகம் இனிக் குடிக்காது என்னும் வரையில் பூசுகிறார்கள். அதன்பின்பே தடித்த பூச்சு.

கூரையின் குறுக்குச் சட்டங்களுக்கிடையே, கடைகளில் ரெஜிபோம் என்று கேட்டால் தரும் நுரைப்பலகையையோ அதனினும் இறுகிய வகையையோ ஓர் அங்குலத் தடிப்பில் வைத்து அடைக்கிறார்கள். மின்கம்பிகளை அதற்கு முன்பே இழுத்துவிட வேண்டும். மறந்தவர் கூரையைப் பிரிக்க நேரும். மேலே மெல்லிய பலகை, அதன்மேல் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தகடு. தகடும் சுவரும் சந்திக்கும் விளிம்பிலே பியூற்றைல் என்னும் பசை நாடாவை ஒட்டி, அதன்மேல் அலுமினிய மூலைச்சட்டத்தை வைத்துத் திருகாணிகளால் இறுக்குவர். பசை பிதுங்கி வெளிவந்தால் வேலை சரி. வெய்யிலில் அலுமினியம் நீளும், குளிரில் சுருங்கும். மரமோ அவ்வாறு அசையாது. இந்த இழுபறியைத் தாங்குவது அந்த நாடாவே. பின்மூடியின் பிணைச்சலும் இவ்வாறே கவனம் வேண்டுவது. ஒழுகும் வண்டிகளிற் பெரும்பாலானவை அங்கேதான் ஒழுகுகின்றன.

இவ்வாறு ஒரு துளி நீரும் நுழையாதபடி அடைத்து முடித்த ஒருவர், இலையுதிர்காலத்து இரவொன்றில் முதன்முறையாக அதனுள்ளே படுக்கிறார் எனக் கொள்க. வெளியே உறைநிலை. விடியற்காலையில் குளிரால் விழித்தவர், கணப்பு ஒன்று வேண்டும் என்று தீர்மானிக்கிறார். நீர் நுழையாத வண்டியிலே காற்றும் நுழையாது என்பதை அவர் எண்ணிப்பார்ப்பதில்லை. வண்டி செய்வோரின் மிகப் பெரிய ஆபத்து இந்த இடத்திலே தொடங்குகிறது.

எளிதாகக் கிடைப்பது புரொப்பேன் வாயுவில் எரியும் சிறு கணப்பு. கையில் தூக்கிவந்து காலடியில் வைத்துப் பற்றவைத்துவிடலாம். சுவரில் துளையிட வேண்டியதில்லை, விலையும் குறைவு. ஆனால் அது எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனை எங்கிருந்து எடுக்கிறது? உறங்குபவர் சுவாசிக்கும் அதே காற்றிலிருந்து. கணக்குப் பார்ப்பது கடினமன்று. படுக்கையறையின் கொள்ளளவு ஏறத்தாழ 100 கன அடி. காற்றிலே ஒட்சிசன் நூற்றுக்கு 21 பங்கு. ஏறத்தாழ 1,200 வாற்று வெப்பம் தரும் சிறு கணப்பொன்று முற்றாக மூடிய அவ்வறையில் எரியுமாயின், ஒட்சிசன் 18 பங்காகக் குறைவதற்கு அரை மணி நேரம்கூட வேண்டியதில்லை. இக்காலத்துக் கணப்புகள் பலவற்றில், அந்த அளவை எட்டியதும் தானாக அணைந்துவிடும் பொறி உண்டு. நல்ல ஏற்பாடுதான். எனினும், கடைசிக் காவலாளியை முதற் காவலாளியாக நம்பி உறங்குவது விவேகமாகாது.

ஒட்சிசன் குறையும்போது எரிபொருள் முற்றாக எரியாது காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதிலும் 200 மடங்குக்கு மேலான வலிமையோடு அதனைப் பற்றிக்கொள்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் எச்சரிக்கையாக வரும். உறங்குபவருக்கு உறக்கம் ஆழ்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். நுவரெலியாவின் உறைபனி இரவிலே கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவு சாளரங்களை அடைத்துப் படுப்போருக்கும் இதே கதிதான் காத்திருக்கிறது. தணலிலே புகை இல்லை, ஆகவே தீங்கில்லை என்று எண்ணுவது பெருந்தவறு. புகையற்ற தணலே இந்நஞ்சை மிகுதியாகக் கக்குவது.

இன்னொரு தீங்கும் உண்டு. அது உயிரை வாங்காது, வண்டியை வாங்கும். ஒரு கிலோகிராம் புரொப்பேன் எரியும்போது 1.6 கிலோகிராமுக்குச் சற்று அதிகமான நீர் ஆவியாகத் தோன்றுகிறது. மேற்சொன்ன கணப்பு எட்டு மணி நேரம் எரிந்தால் ஒரு லீற்றருக்கு மேற்பட்ட நீர் அறைக்குள் வந்துவிடும். இருவருடைய மூச்சும் வியர்வையும் அதனோடு சேரும். குளிர்ந்த சாளரத்திலும் அலுமினியத்திலும் அது துளித்துளியாகப் படிந்து வடிந்து, வெளிமழைக்கு அடைத்த அதே வெட்டுமுகங்களை உள்ளிருந்து நனைக்கும்.

இவற்றுக்கெல்லாம் பரிகாரமாக இன்று பலர் நாடுவது டீசற் கணப்பு. லொறிச் சாரதிகள் இரவில் வண்டியிலே உறங்குவதற்கென்று வழக்கத்துக்கு வந்த கருவி அது. அதன் நுட்பம், எரியும் காற்றும் சுவாசிக்கும் காற்றும் ஒன்றையொன்று தொடாதிருப்பது. எரியும் அறை உலோகத்தால் மூடப்பட்டது. ஒரு குழாய் வெளிக்காற்றை அதற்குக் கொண்டுவருகிறது. மற்றொரு குழாய் புகையை வெளியே கொண்டுபோகிறது. சிறு பம்பி ஒன்று சொட்டுச் சொட்டாக டீசலைத் தள்ள, மின்சாரத்தாற் பழுக்கும் ஊசி அதனைப் பற்றவைக்கிறது. சூடேறிய உலோகத்தின் வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டு செல்லும் வேறு காற்றே அறைக்குள் வருகிறது. குறைந்த நிலையில் ஓர் இரவுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் டீசல் போதும். பற்றவைக்கும்போது பற்றரியிலிருந்து 8 முதல் 10 அம்பியர் வரை இழுக்கும். பின்னர் ஓர் அம்பியரளவிலே ஓடும். மெல்லிய கம்பியால் இணைத்தவருக்குக் கணப்பு பற்றிக்கொள்ளவே மாட்டாது. கருவி பழுது என்று எண்ணி விற்றவரிடம் சண்டைக்குப் போகுமுன், அவர் தம் கம்பியின் தடிப்பைப் பார்ப்பது நல்லது.

கருவி நல்லதானாலும் பொருத்தும் கை தவறினால் பயனில்லை. பலரும் அதனை வண்டிக்கு வெளியே, முன்புற இழுசட்டத்தின்மேல் ஒரு பெட்டியில் வைத்து, சூடான காற்றை மட்டும் அகன்ற குழாய்வழியே உள்ளே விடுகிறார்கள். இதுவே சிறந்த முறை. புகைக்குழாய் மரத்தைத் தொட்டால் மரம் கருகும். எனவே அது பலகையைக் கடக்கும் இடத்தில் அகன்ற துளையும் உலோகத் தட்டும் வேண்டும். தளத்தின் அடியிலேயே குழாயை முடித்துவிடுவது சோம்பேறித்தனத்தின் விளைவு. புகை அங்கே தேங்கி, தளத்தின் சிறு வெடிப்புகள் வழியாக மேலேறும். குழாய் வண்டியின் விளிம்பைத் தாண்டி, நீர் வடியத்தக்க சரிவோடு முடியவேண்டும்; காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் அதற்கு எட்டவே இருத்தல் வேண்டும். பம்பியின் 'டிக் டிக்' ஓசை உறக்கத்தைக் கெடுக்கும். அதனை இறப்பர்த் துண்டிலே தொங்கவிடுவர். அணைக்கும்போது மின்சாரத்தைத் திடீரென்று துண்டிக்கக் கூடாது. உலோகம் ஆறும்வரை விசிறி தானே சுழன்று நிற்கவேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். பெரியதே சிறந்தது என்று 5,000 வாற்றுக் கணப்பை வாங்கிவிடுவோர் பலர். நுரைப்பலகை வைத்த இச்சிறு வண்டியை, வெளியே உறைநிலையாக இருக்கும்போதும், 20 பாகை செல்சியசில் வைத்திருக்க ஏறத்தாழ 500 வாற்று போதும். அதிலும் உறங்கும் இருவரின் உடலே 150 வாற்றளவு தந்துவிடுகிறது. 2,000 வாற்றுக் கணப்பே மிகை. மிகப் பெரியதை எப்போதும் தணித்தே ஓட்டினால் உள்ளே கரி படிந்து அடைத்துக்கொள்ளும். அணைக்குமுன் சில நிமிடம் அதனை முழு வேகத்தில் எரியவிடுவது அந்தக் கரியை ஓரளவு போக்கும்.

எக்கணப்பைப் பொருத்தினாலும் கூரையிலே ஒரு காற்றுவாய், கீழே எதிர்மூலையில் மற்றொன்று, இரண்டும் திறந்தபடி இருக்கவேண்டும். காபனோரொட்சைட்டை அறிவிக்கும் மணியைத் தலைமாட்டுக்கருகே வைப்பது முறை. அது காற்றோடு ஒப்ப எங்கும் பரவும். அடுப்புக்கெனப் புரொப்பேன் வைத்திருப்பவர் அதற்குரிய மணியைத் தளத்தோரம் வைக்கவேண்டும். அவ்வாயு காற்றிலும் கனமானது, தாழ்வை நாடும்.

எல்லாம் பொருத்தியவர் முதலிரவிலே காட்டுக்குப் புறப்படுவதில்லை. வண்டியைத் தம் வீட்டு முற்றத்திலே நிறுத்தி, கணப்பை ஏற்றி, யாரும் உள்ளே படுக்காமல் மணியை மட்டும் வைத்துப் பூட்டிவிட்டு, இடையிடையே வெளியிலிருந்து பார்க்கிறார். மணி வாய் திறவாதிருந்தால் மறுநாள் இரவு தாமே படுக்கிறார். விடிந்ததும் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது சாளரக் கண்ணாடியின் உட்புறத்தை. விரல் நனைந்தால் கூரைக் காற்றுவாயை இன்னும் ஓர் அங்குலம் திறந்துவிட்டு, பின்மூடியை உயர்த்தித் தேநீருக்கு நீர் வைக்கிறார்.