ரமழானும் சர்க்கரை நோயும்: தொலைபேசியில் கேட்டறிய வேண்டியவை

 

ஷஅபான் பிறந்துவிட்டால் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிப்பது, கஞ்சிக்கு அரிசி சேர்ப்பது, தராவீஹுக்கு ஹாஃபிழ் ஏற்பாடு செய்வது என எதையும் நாம் மறப்பதில்லை. சர்க்கரை நோயுள்ளோர் தம் மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்பது மட்டும் விடுபட்டுப் போகிறது. காரணம் மறதியன்று, அச்சம். "நோன்பு வைக்காதீர்கள்" என்று சொல்லிவிடுவாரோ எனும் அச்சம். ஆதலின், காலை மாத்திரையை ஸஹருக்கும் இரவு மாத்திரையை இஃப்தாருக்கும் நாமே மாற்றிக்கொள்கிறோம்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. அவற்றை ஸஹரில் முழு அளவில் உட்கொண்டு ஏறத்தாழ 13 மணி நேரம் பசித்திருப்பவருக்கு, அஸருக்குப் பின் வியர்வையும் நடுக்கமும் கண் இருட்டலும் வந்தால், அதை நோன்பின் களைப்பென்று எண்ணிவிடலாகாது. சர்க்கரை தாழ்ந்திருக்கக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவருக்கு இவ்வபாயம் மிகக் குறைவு. ஆகவே பக்கத்து வீட்டார் கடைப்பிடிக்கும் முறை நமக்குப் பொருந்தும் என்பதற்கில்லை.

2001ஆம் ஆண்டு 13 நாடுகளில், 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடையே எபிடியார் என்னும் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நோயுள்ளோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாட்களேனும் நோன்பிருந்தனர். மருத்துவமனையில் சேர்க்குமளவு கடுமையான சர்க்கரைத் தாழ்வு, மற்ற மாதங்களைவிட அவர்களிடம் 7 மடங்குக்கு மேல் கூடியிருந்தது. இலண்டனில் நடந்து 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு நமக்கு ஆறுதலளிப்பது. ரமழானுக்கு முன்பே பாடம் கேட்டவர்களிடம் சர்க்கரைத் தாழ்வு நிகழ்வுகள் 9லிருந்து 5 ஆகக் குறைந்தன. கேளாதவர்களிடம் 9லிருந்து 36 ஆகப் பெருகின. இரு சாராரும் நோன்பு நோற்றவர்களே.

அந்தப் பாடம் கீழக்குயில்குடிக்கு எப்படி வரும்? மதுரைக்குச் சென்று வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பவர்கள் நம்மிடையே உண்டு. முன்னர் சுணாம்பேட்டுக் கிராமங்களுக்கு மருத்துவர் வி. மோகன் குழுவினர் செயற்கைக்கோள் இணைப்புள்ள ஊர்தியை அனுப்பியே சர்க்கரை நோய் மருத்துவத்தைக் கொண்டுசென்றனர். இன்று அவ்வளவு வேண்டியதில்லை. பதிவு பெற்ற மருத்துவர் தொலைபேசியிலும் காணொளியிலும் ஆலோசனை வழங்க 2020 மார்ச்சில் இந்திய அரசு நெறிமுறை வகுத்தது. மலேசியாவில் வீட்டிலேயே சர்க்கரையை அளந்து தொலைவிலிருந்த மருத்துவக் குழுவுக்கு அனுப்பி நோன்பிருந்தவர்களிடம் சர்க்கரைத் தாழ்வு குறைந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் கைவைத்தியச் செய்திகளை யாரும் இதனோடு சேர்த்துவிட வேண்டாம்.

நோன்புக்கு ஆறு அல்லது எட்டு வாரங்கள் முன்பே நம் மருத்துவரை அழைத்து, மாத்திரைச் சீட்டையும் அண்மைப் பரிசோதனை முடிவையும் அனுப்பி மூன்றைக் கேட்போம்: நான் நோன்பு வைக்கலாமா? எந்த மருந்தை எவ்வேளையில், எவ்வளவு? எந்நேரங்களில் சர்க்கரையை அளக்க வேண்டும்? விரலில் குத்தி இரத்தம் எடுத்து அளப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ, மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். தாழ்ந்திருந்தால் உடனே சர்க்கரை கரைத்த நீர் பருக வேண்டும்.

முதல் வகை நோயாளர், சிறுநீரகம் பழுதுற்றோர், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், அடிக்கடி சர்க்கரை தாழ்பவர் ஆகியோரிடம் மருத்துவர் "வேண்டாம்" என்றே சொல்லக்கூடும். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை அல்பகரா அத்தியாயத்திலேயே உள்ளது. பின்னொரு நாளில் நோற்பதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேட்டுத் தெளிவோம்.

கஞ்சியைப் பற்றியும் கேட்கிறீர்கள். வெந்தயமும் பாசிப்பருப்பும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சி ஒரு கோப்பையோடு நின்றால் பெரும் கேடில்லை. அதன் மேல் வடை, சமோசா, சர்பத், பின்பு மதுரைக்கே உரிய ஜிகர்தண்டா என்று போவதில்தான் இரவில் சர்க்கரை ஏறுகிறது. ஸஹரைத் தவிர்க்காமல், இறுதி நேரத்தில் உண்பது நபிவழி. மருத்துவர்களும் அதையே சொல்கின்றனர்.

பெருநாளன்றே மீண்டும் ஒருமுறை மருத்துவரை அழையுங்கள். ரமழானுக்கென மாற்றிய அளவு ஷவ்வாலுக்கு ஆகாது.