தாத்தா என்பவர் யார்?

"தாத்தா" என்னும் சொல்லை அறியாத தமிழர் இல்லை. மூன்றே எழுத்துக் கொண்ட இச்சிறு சொல்லுக்குப் பொருள் யாதெனக் கேட்டால், தந்தையையோ தாயையோ பெற்றவர் என்று சின்னஞ்சிறு குழந்தையும் விடை கூறிவிடும். ஆயினும், கண்டி மாவட்டத்திலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த எங்கள் மடுல்கெல்லக் கடைவீதியில் நிற்பவர் அத்துணை விரைவாக விடை கூறிவிட இயலாது. அவ்வீதியில் ஒரு சிறுவன் "தாத்தா!" என்று கூவுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையாயின், அவன் அழைப்பது பாட்டனாரை. அயற்கிராமத்துச் சிங்களப் பிள்ளையாயின், அவன் அழைப்பது பெற்ற தந்தையை. முஸ்லிம் பிள்ளையாயின், அவன் அழைப்பது பெரும்பாலும் தன் மூத்த சகோதரியை! சிங்களவர் பாட்டனாரைச் "சீயா" என்பர். யாழ்ப்பாணத்தவரோ, தந்தையின் தந்தையை அப்பப்பா என்றும், தாயின் தந்தையை அம்மப்பா என்றும் பிரித்து வழங்குவர்.

இவற்றுள் எது சரியான பொருள் என்று வினவுவோரும் உளர். அவ்வினாவுக்கு விடை காணப் புகுமுன், இச்சொல்லின் சுற்றத்தைச் சிறிது நோக்குவோம். வடமொழியில் "தாத" என்பது தந்தையைக் குறிக்கும். இளையோரை அன்போடு விளிப்பதற்கும் அதுவே பயன்படும். நம் பழைய இலக்கியங்களில் "தாதை" என்பது தந்தையே. பண்டை உரோமரின் இலத்தீன் மொழியிலும், இன்றைய போலந்து, ருமேனிய மொழிகளிலும் "தாத்தா" என்பதையொத்த சொல்லால் குழந்தைகள் தந்தையை அழைப்பர். தமிழிலும் தெலுங்கிலும் அச்சொல் ஒரு தலைமுறை மேலேறிப் பாட்டனாரிடம் சென்று அமர்ந்துகொண்டது.

இத்தகைய ஒப்புமை எவ்வாறு நேர்ந்தது? ருசிய நாட்டிற் பிறந்த மொழியறிஞர் ரோமன் யாக்கப்சன், 1960ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையொன்றில் இதனை ஆராய்ந்தார். இதழ்களை மூடித் திறந்தால் "மா"வும் "பா"வும் பிறக்கும். நாவின் நுனி பல்லைத் தொட்டு விலகினால் "தா" பிறக்கும். குழந்தைக்கு முதலில் வசமாகும் ஒலிகள் இவையே. குழந்தை ஒலியைத் தருகின்றது. அது தம்மையே அழைக்கின்றது என்று கொண்டு பொருளைத் தருவோர் வீட்டார். எந்த வீட்டார் எந்த ஒலியை யாருக்கு உரிமையாக்கினர் என்பதே வேறுபாடு. காக்கேசிய மலைநாடாகிய ஜோர்ஜியாவில் "மாமா" என்றால் தந்தை, "தேதா" என்றால் தாய் என்பதைக் கேட்டால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

நம் மலைநாட்டிலேயே இதற்கு மேலும் சான்றுகள் உண்டு. தமிழில் "மாமா" தாயின் உடன்பிறந்தார், சிங்களத்திலும் அவரே. ஆனால் இரண்டு நெடிலையுங் குறிலாக்கி "மம" என்றால், சிங்களத்தில் "நான்" என்று பொருள். "ஓயா" என்னும் ஒலி நமக்கு "ஓய்தல் இல்லாத" என்று பொருள் தரும். சிங்களத்தில் முதலெழுத்துக் குறுகிய "ஒய" சிற்றாறு. ஈற்றெழுத்து நீண்ட "ஒயா" முன்னிற்பவரைக் குறிக்கும் "நீங்கள்". எங்கள் ஊர்ப் பெயரின் ஈற்றுப் பகுதி சிங்களத்தில் காட்டைக் குறிப்பது. அதன் முதல் உயிர், அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்டது. நம் நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தில்லாமையால் "கெல்ல" என்று எழுதுகின்றோம். எழுதியவாறே ஒலித்தால், சிங்களவர் செவியில் "பெண்பிள்ளை" என்றே விழும்! இவையெல்லாம் கேட்டுச் சிரித்து மகிழ்தற்குரியவை.

ஆனால், எல்லா இடங்களிலும் இது சிரிப்போடு முடிவதில்லை. தோட்டத்திலிருந்து வரும் தாய், தன் பிள்ளையுடன் ஓர் அலுவலகத்துக்குச் செல்கின்றாள். சிங்களம் மட்டுமே அறிந்த எழுதுவினைஞர், "தாத்தாகே நம?" என்று கேட்கின்றார். அவர் கேட்டது தகப்பன் பெயர். அவள் செவியிற் பட்டதோ தாத்தா என்ற சொல். ஐயமின்றிப் பாட்டனாரின் பெயரைக் கூறுகின்றாள். அது தந்தையின் பெயராகப் பதிவாகின்றது. இத்தகைய பத்திரங்கள் என் மேசைக்கு வந்ததுண்டு. நம்மவர்க்குத் தந்தை பெயரே முதலெழுத்து ஆகும். எனவே, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு முதலெழுத்தும், பள்ளிப் பதிவேட்டில் வேறொரு முதலெழுத்துமாக அப்பிள்ளை வளர்கின்றது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வேளையிலும், தேசிய அடையாள அட்டை பெறும் வேளையிலும் சிக்கல் வெளிப்படுகின்றது. சத்தியக் கடதாசி முடிக்கவும், திருத்தம் செய்விக்கவும் பெற்றோர் வேலைநாட்களை இழக்கின்றனர்.

மலையகத் தமிழர்க்குத் தந்தை யார், பாட்டன் யார் என்பது வெறும் உறவுமுறைக் கேள்வியாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நினைவுகூருங்கள். அவ்வாண்டு நவம்பர் 15க்கு முன் இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவழியாகப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல், தந்தையின் தந்தையும் அவரைப் பெற்ற தந்தையும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். பதிவுப் பத்திரம் காட்ட இயலாமையால் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவழியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்கட்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. ஏட்டில் எழுதப்படும் ஒரு பெயரின் மதிப்பை எம் மக்கள் நன்கறிவர்.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆகவே, தம் மொழியிற் கேட்டுத் தம் மொழியில் எழுதுவிக்கும் உரிமை அத்தாய்க்கு உண்டு. அவ்வசதி கிட்டாத இடத்தும், ஐயம் தராத சொற்கள் இரு மொழியிலும் உள்ளன. தமிழில் "தந்தை", சிங்களத்தில் "பியா". அலுவலர் இவற்றுள் ஒன்றால் வினவுதலும், நம்மவர் இவ்விரண்டையும் அறிந்துவைத்தலும், எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டச் செய்தலும் போதும். ஐந்து நிமிடத்தில் முடியும் இக்காரியம், ஐந்தாண்டு அலைச்சலைத் தவிர்க்கும்.

முன்னர்க் கூறிய வினாவுக்கு இனி வருவோம். எங்கள் பள்ளியில், "என் தாத்தா" என்ற தலைப்பில் ஐந்து வாக்கியம் எழுதுமாறு ஓர் ஆசிரியை பணித்தார். ஒரு முஸ்லிம் சிறுமி, "என் தாத்தா எனக்குப் பின்னல் பின்னிவிடுவாள்" என்று எழுதினாள். வகுப்பு சிரித்தது. ஆசிரியையோ பிழையெனக் கோடிடவில்லை. "உங்கள் வீட்டில் தாத்தா என்பது யாரை?" என்று கேட்டறிந்து, அதனை எல்லார்க்கும் எடுத்துரைத்து, முழுப் புள்ளியும் வழங்கினார். அவர் செய்ததே முறை என்பது என் கருத்து. அச்சிறுமியின் வீட்டில் அப்பொருளே சரியான பொருள். அடுத்த வீட்டில் வேறொன்று சரி. அகராதி பார்த்துத் தீர்ப்புக் கூறுவதைவிட, "நீங்கள் யாரைச் சொல்கின்றீர்கள்?" என்று கேட்பது எளிது. பல மொழி வழங்கும் ஊரில் வாழ்வோர் அதனை நாள்தோறும் கேட்டுப் பழகுவாராக.