இரண்டாம் படி எங்கே போனது?

(தொலைக்காட்சி அரங்கம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காற்பந்து என்றதும் நம் வீடுகளில் இங்கிலாந்து அணிகளைப் பற்றிய பேச்சுதான் முதலில் எழும். இன்றைய பேச்சு சிரம்பான், பாரோய் அரங்கைப் பற்றியது. அந்த அரங்குக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிய தோட்டத் திடல்களைப் பற்றியது.

ரந்தாவ் லிங்சம், போர்ட்டிக்சன் சுவா பெத்தோங், தானா மேரா, லாபு. நெகிரி செம்பிலானில் இந்தப் பெயர்களைச் சொன்னால் பெரியவர்களுக்கு லயமும் கோயிலும் நினைவுக்கு வரும், அடுத்து திடல் வரும். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, மதியம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு. மாலை நான்கு மணிக்கு மேல் திடலில் பந்து உருளும். துரைமார்களுக்கும் இந்த ஆட்டம் பிடித்திருந்ததால் திடலின் புல்லைத் தோட்டமே வெட்டித் தந்தது. கோயில் திருவிழா, தீபாவளி என்றால் எழுவர் ஆட்டப் போட்டி இருக்கும். பக்கத்துத் தோட்டம் லாரி ஏறி வரும். ஆட்டம் முடிந்த பிறகு சண்டை நடந்ததும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தத் திடலில் நன்றாக ஆடிய பையன் மாநில அணிக்குப் போவது எப்படி? இதற்கு ஓர் ஏணி இருந்தது. பள்ளி, மாவட்டம், மாநில இளையோர் அணி, பிறகு பிரசிடென்ட் கிண்ணம். இருபது வயதை ஒட்டி அந்தக் கிண்ணப் போட்டி முடிந்துவிடும். உடனே நாட்டின் முதல் நிலை அணியில் இடம் பிடிப்பவர் மிகச் சிலர். மற்றவர்களைத் தாங்கிப் பிடித்தது இரண்டாம் நிலை லீக்தான்.

1989-இல் அரைத் தொழில்முறை லீக் தொடங்கியபோதே இரண்டு பிரிவுகள் இருந்தன. 1998 முதல் 2003 வரை பெர்டானா லீக் 1, பெர்டானா லீக் 2. 2004-இல் மேலே சூப்பர் லீக், கீழே பிரிமியர் லீக். அப்போது நெகிரி செம்பிலான் கீழ்த்தட்டில்தான் இருந்தது. முந்தைய ஆண்டு எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற அணிக்கே அந்த நிலை! 2005-இல் பிரிமியர் லீக்கின் இறுதியாட்டத்தில் சிலாங்கூரிடம் தோற்றாலும் மேலே ஏறியது. ஏறிய அதே 2005-06 பருவத்தில், பயிற்றுநர் கே.தேவன் தலைமையில் சூப்பர் லீக் வெற்றியாளர் ஆனது. கீழே கிடந்த அணி ஒரே மூச்சில் உச்சிக்குப் போனதைப் பாரோயில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பிறகு 2009-இலும் 2011-இலும் மலேசியக் கிண்ணம் வந்தது. அந்தக் காலத்தில் நெகிரி செம்பிலானுக்கு ஆடிய எஸ்.குணாளன், கே.ராஜகோபால் பயிற்றுவித்த தேசிய அணியில் இடம்பெற்று 2010 சுசுகி கிண்ண வெற்றியில் பங்கு கொண்டார். 2013 முடிவில் மறுபடி சரிவு, 2018-இல் ஏற்றம், அதே ஆண்டில் மீண்டும் இறக்கம். 2021-இல் பிரிமியர் லீக்கை வென்றது. பயிற்றுநர் அதே கே.தேவன். கோவிட் காலம், கைதட்ட ஆளில்லாத அரங்குகள். மறு ஆண்டு சூப்பர் லீக்கில் நான்காம் இடம்.

நம்மவர்க்கென்றே ஓர் அணியும் இதே படியில் ஏறியது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மீஃபா வளர்த்த மிஸ்க்-மீஃபா 2017-இல் பிரிமியர் லீக்கில் நுழைந்தது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்குப் போனது. வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமலே தாக்குப்பிடித்துப் பார்த்தது. 2022 பருவத்தோடு விலகிவிட்டது. அதைப் பற்றி நம் சமூகத்தில் எத்தனை பேர் வருந்தினோம் என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும்.

அதே 2022-தான் பிரிமியர் லீக்குக்கும் கடைசி ஆண்டு. கடைசி வெற்றியாளர் ஜொகூரின் இரண்டாம் அணி. பெரிய அணியின் துணை அணி என்பதால் மேலே ஏற அதற்கு அனுமதியே இல்லை. 2023-இல் இரு தட்டுகளையும் இணைத்து 14 அணிகளுடன் ஒரே சூப்பர் லீக் ஆக்கினார்கள். கிளப்புகளின் பணமுடை, சம்பள நிலுவை எல்லோருக்கும் தெரிந்ததுதான். செலவைத் தாங்க முடியாத லீக்கை இழுத்துக்கொண்டு போவதில் பயனில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மேலே இடமில்லாத 21 வயதுப் பையனுக்கு என்ன வழி? 23 வயதுக்குட்பட்டோரை முதன்மையாகக் கொண்ட எம்.எஃப்.எல். கிண்ணம் வந்தது. 2024-இல் ஏ1 அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. இரண்டும் நல்லதே. ஆனால் அரைத் தொழில்முறை என்றால் பகலில் தொழிற்சாலை, மாலையில் பயிற்சி. செனவாங்கில் ஷிப்ட் வேலை பார்க்கும் பையனுக்கு மாலை எப்போதும் மாலையாக இருப்பதில்லை.

அந்தப் பையன் இப்போது தோட்டத்திலும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டார்கள். இலவசமாகக் கிடைத்த திடலுக்குப் பதில், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கேட்கும் ஃபுட்சால் கூடம். எழுவர் ஆட்டப் போட்டி மட்டும் இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. அதை நடத்துகிற கோயில் செயற்குழுக்களுக்கு ஒரு கை கூப்பு.

அவர்களிடமே ஒரு வேண்டுகோள். ஆட்டக்காரர் தேர்வு அறிவிப்பு வரும்போது, அன்னதானப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டுங்கள். தேர்வு நாளில் பாரோய்க்கு ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பல பையன்களுக்குத் திறமை இருக்கிறது, காலை ஏழு மணிக்குப் பேருந்துதான் இல்லை.