தொட்ட பந்தும் தொடாத குவளையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டும் தன்மதிப்பும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் விளையாட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய விடை இந்தக் கோவை மாநகரிலேயே இருக்கிறது.

பெருந்தலைவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1860இல் செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்தவர், பயின்றது கோயம்புத்தூரில். 1939இல் அவர் எழுதிய ஜீவிய சரித்திர சுருக்கம் என்னும் சிறு நூலில் தம் மாணவப் பருவத்தைக் குறிப்பிடுகிறார். தம் குலம் இன்னதென்று உடன் பயில்வோர்க்குத் தெரிந்துவிடுமோ என அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனித்திருந்து படித்துக் கொண்டிருப்பாராம். மணி அடித்த பின்னரே வகுப்பிற்குள் நுழைவாராம். வகுப்பு கலைந்ததும் எவரும் எட்டிப் பிடித்துப் பேசாதவாறு விரைந்து வீடு சேர்வாராம். பிற பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாமற்போன கொடுமையை, எண்பது வயதை நெருங்கிய நிலையிலும் அவர் மறக்கவில்லை. வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடிய பெருமகன், தம் வாழ்வைச் சுருக்கி எழுதும்போதும் இதற்கு இடம் ஒதுக்கினார் என்றால், விளையாட்டு மறுக்கப்படுவது சிறு குறையாகுமா?

கோவையில் இப்பிள்ளைக்கு விளையாட்டு மறுக்கப்பட்ட பின்னர்ச் சில ஆண்டுகளில், புனே நகரில் வேறொரு பிள்ளை விளையாட்டுத் திடலுக்குள் நுழைந்தான். ஆடுவதற்காக அன்று, கூட்டிப் பெருக்குவதற்காக. அவர் பெயர் பல்வங்கர் பாலு. 1876இல் தார்வாரில், தோல் தொழில் செய்யும் குலத்தில் பிறந்தவர். தந்தையார் படைப்பிரிவில் பணியாற்றினார். பாலு முதலில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் சங்கத்தில் மாதம் 3 ரூபாய்க்கும், பின்னர் வெள்ளையர்களின் புனே சங்கத்தில் 4 ரூபாய்க்கும் வேலை பார்த்தார். ஆடுகளத்தில் உருளை உருட்டுவதும், கோடு போடுவதும், பயிற்சி வலை கட்டுவதும் அவர் பணிகள்.

அச்சங்கத்து வெள்ளையர்கள் பயிற்சிக்காகப் பாலுவைப் பந்து வீசச் செய்தனர். இடக்கையால் மெதுவாகச் சுழன்று வரும் அவர் பந்து, தேர்ந்த ஆட்டக்காரர்களையும் திணறச் செய்தது. கிரெய்க் என்னும் புகழ்பெற்ற ஆங்கில ஆட்டக்காரர், தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்பர். ஆண்டுக்கணக்கில் அவர்களுக்குப் பந்து வீசிய பாலுவின் கையில் மட்டையைக் கொடுத்துப் பழக்குவார் அங்கு எவருமில்லை. மட்டை பிடிப்பது துரைமார் வேலை. பந்து வீசுவது கூலியாள் வேலை என்பது அக்கால எண்ணம்.

புனேயில் இருந்த இந்துக்களின் அணி வெள்ளையர் அணியை வெல்ல விரும்பியது. வெல்வதற்குப் பாலு வேண்டும். ஆனால் பாலு தீண்டத்தகாதவர். நீண்ட வாக்குவாதத்திற்குப் பின் அவரைச் சேர்த்துக் கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தையே மேற்குலத்தார் அனைவரும் தொட்டனர். தேநீர் இடைவேளை வந்ததும், மற்றவர்கள் மண்டபத்திற்குள் பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தனர். உணவிற்குத் தனித் தட்டு, தனி மேசை. முகம் கழுவ வேண்டுமாயின், ஒடுக்கப்பட்ட குலத்து ஏவலாள் ஒருவர் திடலின் மூலைக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

இக்காட்சி கொங்கு நாட்டு மக்களாகிய நமக்குப் புதிதன்று. கவலை ஏற்றம் ஓடிய காலத்தில், அருந்ததியர் பெருமக்கள் தைத்த தோற்பறி நாள் முழுதும் தோட்டத்துக் கிணற்றில் இறங்கி ஏறியது. அது மொண்ட நீரில் பயிர் விளைந்தது. தைத்தவர் கை மட்டும் அக்கிணற்றைத் தொடலாகாது என்றனர். கிரிக்கெட் பந்தும் தோலால் போர்த்தப்பட்டதே அல்லவா? உழைப்பின் பயன் தீட்டாவதில்லை; உழைத்தவன் மட்டுமே தீட்டாகிறான் என்பது எவ்வளவு வசதியான நீதி!

புனேயில் பிளேக் நோய் பரவிய காலத்தில் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, இரயில்வேயில் வேலையும் இந்து ஜிம்கானா அணியில் இடமும் பெற்றார். 1906 பிப்ரவரியில் அவ்வணி வெள்ளையர் அணியை 109 ஓட்டங்களில் வென்றது. அவ்வெற்றிக்குப் பாலுவின் பந்து வீச்சு பெருந்துணை செய்தது. தம்பி சிவராமும் அவ்வணியில் ஆடினார்.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. முதல்தர ஆட்டங்கள் 14இல் அவ்வணி 10இல் தோற்று, 2இல் மட்டுமே வென்றது. அத்தோல்விகளின் நடுவே, முப்பத்தைந்து வயதில், தோள் வலியோடு பந்து வீசிய பாலு, சுற்றுப்பயணத்தில் மொத்தம் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆண்ட நாட்டின் மண்ணிலேயே அந்நாட்டார் வியக்கும்படி ஆடிய அவர், பம்பாய் திரும்பியதும் ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு வரவேற்பளித்தனர். அக்காலத்தில் கல்லூரி மாணவராயிருந்த அம்பேத்கருக்குப் பாலு ஒரு வீரத் திருவுருவாகவே விளங்கினார்.

ஜெஸ்ஸி ஓவன்ஸ் பெர்லினில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்று இனவெறியரின் செருக்கை அடக்கியது 1936இல். ஜாக்கி ராபின்சன் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தின் பெருஞ்சங்கத்தில் நிறத்தடையை உடைத்தது 1947இல். உலகம் அவர்களைப் போற்றுகிறது, போற்றத்தக்கவர்களே. அவர்களுக்கெல்லாம் முன்னரே நம் நாட்டில் இத்தகைய ஒருவர் வாழ்ந்தார் என்பது நம் பாட நூல்களில் இடம்பெறாமற்போனது ஏன் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஈண்டு நின்றுவிட்டால் இது இனிய கதையாக முடிந்துவிடும். "திறமையைக் காட்டுங்கள், உலகம் தானே மதிக்கும்" என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறிவிட்டு நாம் அமர்ந்துவிடலாம். ஆனால் வரலாறு அவ்வாறு நிகழவில்லை.

அணியின் முதன்மைப் பந்து வீச்சாளராக விளங்கிய பாலுவுக்கு அணித்தலைமை ஆண்டுதோறும் மறுக்கப்பட்டது. 1920இல், அணித்தலைவர் பை நோயுற்றபோது வேறொருவரைத் தலைவராக்கினர். பாலுவை அணியிலிருந்தே நீக்கினர். அப்பொழுதுதான் தம்பியர் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகி, தம் காரணத்தை ஊரறிய எழுத்தில் வெளியிட்டனர். நாடெங்கும் தீண்டாமைக்கு எதிரான குரல் எழுந்து கொண்டிருந்த காலம் அது. பொதுமக்களிடையே பேச்சு வலுத்தது. இறுதி ஆட்டத்திற்குப் பாலு துணைத்தலைவராக அழைக்கப்பட்டார், தம்பியரும் திரும்பினர். ஆட்டத்தின் இடையே பை களத்தை விட்டு வெளியேறி, பாலு அணியை நடத்த வழிவிட்டார். அது முழுத் தலைமையன்று. எனினும் கதவு திறந்துவிட்டது. 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டு அவ்வணி வென்றபோது, அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினர். மேற்கிந்தியத் தீவுகளின் அணியில், ஒரு தொடர் முழுமைக்கும் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவராக பிராங்க் வொரெல் அமர்த்தப்பட்டது 1960இல்தான் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திறமை பாலுவைத் திடலுக்குள் கொண்டு சென்றது. தலைமைப் பதவியைப் பெற்றுத் தந்ததோ, "எங்களுக்குரிய மதிப்பில்லாவிடில் ஆடமாட்டோம்" என்று கூறிய உறுதி. அண்ணனுக்கு இழைத்த அவமதிப்பைத் தம் அவமதிப்பாகக் கொண்ட ஒற்றுமை அதற்குத் துணை நின்றது. அதை எழுத்தில் வடிக்கத் தெரிந்த கல்வி அதற்குக் கருவியாயிற்று. இம்மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும், மண்குவளை நெடுங்காலம் அங்கேயே இருந்திருக்கும்.

பாலுவின் பிற்கால அரசியலைப் பற்றியும் மறைக்காது கூறுவோம். 1932இல் தனித்தொகுதி பற்றிய வழக்கில் அவர் நம் சென்னை மாகாணத் தலைவர் எம். சி. ராஜா அவர்களின் பக்கம் நின்றார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரையே எதிர்த்துப் போட்டியிட்டார். அண்ணல் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். வழிகள் வேறுபட்டன. அதனால் பாலு திடலில் ஈட்டிய பெருமை குறையாது. அவரைப் போற்றுவதால் அண்ணலின் பெருமையும் குறையாது. நம் முன்னோர் கருத்து மாறுபட்டோராயினும், அனைவரையும் முழுமையாக அறிவதே கல்வியாளர்க்கு அழகு. தீண்டாமைக் குற்றச் சட்டம் இயற்றப்பட்ட 1955ஆம் ஆண்டிலேயே பாலு காலமானார்.

சட்டம் வந்த பின்னும் நம் பகுதித் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நெடுங்காலம் நிலவியதை இங்குள்ள பெரியோர் பலரும் பட்டறிந்திருக்கிறீர்கள். நாம் பணியாற்றிய ஓர் ஊரில், சடுகுடுப் போட்டியில் வென்று வந்த எட்டுப் பிள்ளைகள் தேநீர் அருந்தச் சென்றனர். போகும்போது தோளில் கைபோட்டுச் சென்றவர்கள், கடைவாயிலில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றனர். பிரியுமாறு எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அன்று அவர்களைப் பாராட்டி மட்டும் அனுப்பினோம். குவளையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆசிரியராகிய நம் கடமையில் அது ஒரு குறை என்று பிற்பாடே உணர்ந்தோம். இன்று இம்மேடையில் அதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே இச்சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, மாலைப் பாட வகுப்போடு மாலை விளையாட்டையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பெண் மக்களுக்கும் அதில் சம இடம் தாருங்கள். கூடி விளையாடிய பிள்ளை கூனிக் குறுகி நடவாது. இரண்டாவது, நம் பிள்ளைகளை எழுதப் பழக்குங்கள். தம் தாத்தா என்ன தொழில் செய்தார், எந்தக் கிணற்றில் நீர் மறுக்கப்பட்டது, எவர் முதலில் மறுத்து நின்றார் என்பவற்றைக் கேட்டு எழுதட்டும். விட்டல் தம் விளையாட்டு வாழ்வை 1948இல் மராத்தியில் நூலாக எழுதி வைத்தார். சீனிவாசன் அவர்களும் எழுதி வைத்தார். எழுதியதனால்தான் இன்று நாம் அவர்களை அறிகிறோம்.

கோவையில் மணி அடிக்கும்வரை வெளியே தனித்திருந்த அந்த மாணவரை நினைத்துக் கொள்ளுங்கள். இச்சங்கத்தின் பிள்ளை எவரும் இனி அவ்வாறு ஒதுங்கி நிற்றலாகாது. மணி அடிக்கும் முன்னரே திடலில் நிற்கட்டும். தம் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்லட்டும். பந்தைத் தொடும் கையோடு குவளையையும் தொடட்டும். அந்நாளைக் காண்பதற்கே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தது. இன்னும் உழைக்கும் என்னும் நம்பிக்கையோடு எம் உரையை முடிக்கிறோம்.