பகுத்தறிவாளர் பொய்க்கதை படிக்கலாமா?

(காரைக்குடியில் படிப்பாளர்களான நண்பர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி மிகச் சிறியதென்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நாலு நண்பர்கள் கூடிய இடத்தில், "இந்தக் கதைப் புத்தகம் படித்தேன், நீயும் படித்துப் பார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்ளுகிறோமல்லவா, அதைப்பற்றித்தான் பேசப் போகிறோம். அதிலும் என்ன கதை? காலத்தில் முன்னும் பின்னும் பிரயாணம் செய்வது, இயந்திர நாய் பேசுவது, வேதாளம் மரத்தில் தொங்குவது முதலான நடவாத சங்கதிகளைச் சொல்லும் விஞ்ஞானக் கதைகளும் மாயக் கதைகளுமேயாகும்.

இப்பேச்சுக்குக் காரணம் என்னவென்றால், சில வாரங்களுக்கு முன் ஒரு டீக்கடையில் நாமும் நண்பர்களும் இப்படிப் புத்தகங்களை மாற்றிக் கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பக்திமான், நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, அனுமார் மலையைத் தூக்கினார்னு நாங்க சொன்னா, மலை எத்தனை டன்னுன்னு கேக்குறீங்க. இதுல ஒருத்தன் காலத்துல ஏறிப் போறான்னு எழுதியிருக்கு, அதை மட்டும் காசு குடுத்து வாங்கிப் படிக்கிறீங்களே, இது என்னப்பா நியாயம்?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்லவில்லை. மறுநாள் நம் தோழர்களில் ஒரு வாலிபர், தம் வீட்டில் முதல்முதல் பள்ளிக்கூடம் போனவர், வாங்கிப்போன புத்தகங்களைத் திருப்பிக் கொண்டுவந்து, "அண்ணே, அந்தப் பெரியவர் கேட்டது சரிதானே? இயக்கத்தில் இருந்துகொண்டு நாமே இந்தப் பொய்யைப் படிக்கலாமா?" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் தொடாத ஒருவர் ஆசையோடு படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார் என்றால் அது சிறிய சங்கதியா? ஆகவேதான் அன்று சொல்லாத பதிலை இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

முதலாவது, அப்பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்காக அவரிடம் நாம் நன்றி பாராட்ட வேண்டும். எதையும் கேள்வி கேள் என்று ஊரெல்லாம் சொல்லுகிற நாம், நம்மைக் கேட்டால் மாத்திரம் கோபித்துக் கொள்ளலாமா?

இனி பதிலுக்கு வருவோம். கதையில் வருவது நடக்கக்கூடியதா அல்லவா என்பது இங்கு கேள்வியே அல்ல. அதைச் சொல்லுகிறவன் என்னவென்று சொல்லி நம்மிடம் கொடுக்கிறான், கொடுத்துவிட்டு நம்மிடமிருந்து என்ன வாங்கிக் கொள்ளுகிறான் என்பதுதான் கேள்வி.

இந்தக் காரைக்குடியிலே தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி.எம். என்னும் மெய்யப்பன் அவர்கள் ஸ்டூடியோ வைத்து, 1947இல் வெளியான "நாம் இருவர்" படத்தை எடுத்தார். அடுத்த வருஷம் 1948இல் அவர் வெளியிட்ட படம் "வேதாள உலகம்". பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவியது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாய்ப் போய்ப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்து யாராவது வேதாளத்துக்குக் கோயில் கட்டினார்களா? வேதாளத்தின் முகத்திலே பிறந்தவன் மேல்சாதி, காலிலே பிறந்தவன் கீழ்சாதி என்று யாராவது சொன்னார்களா? டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தார்கள், மூன்று மணி நேரம் சந்தோஷப்பட்டார்கள், வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். கணக்கு அத்தோடு தீர்ந்துபோயிற்று.

வங்காளத்திலே ஜகதீச சந்திர போஸ் என்ற பெரிய விஞ்ஞானி, கம்பியில்லா மின்னலைகளை ஆராய்ந்தவர், 1896இல் ஒரு கதை எழுதினார். கடலில் வந்த புயலை ஒரு புட்டி தலைத் தைலத்தை ஊற்றி அடக்கிவிட்டதாகக் கதை. ஒரு தைலக் கம்பெனி நடத்திய போட்டிக்கு எழுதியது. விஞ்ஞானி எழுதினார் என்பதற்காக, மறுநாள் எவரும் தைலப் புட்டியோடு கடற்கரைக்குப் போகவில்லை. போகும்படி அவரும் சொல்லவில்லை. கதையைக் கதை என்று சொல்லிக் கொடுப்பவன் யோக்கியன். அவனை நம்பாவிட்டால் நரகம் இல்லை, நம்பினால் மோட்சமும் இல்லை. கதையைச் சரித்திரம் என்றும் சாஸ்திரம் என்றும் சொல்லி, தட்சணையும் வாங்கிக் கொண்டு, உன்னைக் கீழே உட்காரும்படி சொல்லுகிறவனிடத்தில்தான் நமக்குச் சண்டை.

நிற்க, இக்காலத்தில் புதிதாக ஒரு வேஷம் கிளம்பியிருக்கிறது. பழைய கதையையே விஞ்ஞானம் என்று சொல்லுவது. வைமானிக சாஸ்திரம் என்று ஒரு புத்தகம் இருக்கிறது. ரிஷிகள் காலத்திலேயே ஆகாய விமானம் செய்யும் வழி இதிலே எழுதியிருக்கிறது என்று பிரசாரம் செய்யப்பட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் 1974இல் அதைப் பரிசோதித்து, அந்நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது, அதில் சொல்லியபடி செய்தால் எந்த விமானமும் பறக்காது என்று எழுதினார்கள். அப்படியிருந்தும், 2015 ஜனவரியில் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசிலேயே பழங்கால விமானத்தைப்பற்றி ஒரு பேச்சு நடந்தது. தோழர்களே! இதையே ஒருவர் நல்ல மாயக் கதையாக எழுதியிருந்தால் நாமே காசு கொடுத்து வாங்கி உங்களுக்கும் சிபார்சு செய்திருப்போம்.

இனி நண்பர்கள் நமக்குச் சிபார்சு செய்த புத்தகங்கள் சிலவற்றைச் சொல்லுகிறோம்.

ஒரு மோட்டார் மெக்கானிக் நண்பர் கொடுத்தது, பிரெஞ்சுக்காரர் ஜூல்ஸ் வெர்ன் 1870இல் எழுதி முடித்த கடலடிப் பிரயாணக் கதை. அதில் வரும் நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த மின்சாரத்துக்கு வேண்டிய சோடியத்தைக் கடல்நீரிலிருந்தே எடுத்துக் கொள்ளுவதாக எழுதியிருக்கிறார். அக்கப்பலின் தலைவன் நேமோ ஓர் இந்தியன் என்று பிற்பாடு வந்த வேறொரு கதையில் சொல்லுகிறார். நம்மூரிலே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே மின்கலங்களைப் பற்றியும் ஆராய்கிறார்கள். சோடியத்தைக் கொண்டு மின்கலம் செய்யும் முயற்சி இன்று உலகில் பல இடங்களில் நடக்கிறது. அந்த மதில் ஓரமாகத் தினமும் சைக்கிளில் போகும் பையன் வெர்னின் கதையைப் படித்தால், உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க நினைப்பானல்லவா?

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் சொன்னது, "சுல்தானாவின் கனவு". எழுதியவர் பேகம் ரொகேயா என்ற வங்காளத்து முஸ்லிம் பெண்மணி. பள்ளிக்கூடம் போகாதவர். தமையனிடம் இரவிலே மறைவாகப் படித்தவர். அவர் இங்கிலீஷில் எழுதிய அக்கதை 1905இல் நம் சென்னையில்தான், ஒரு பெண்கள் பத்திரிகையில் வெளியாயிற்று. அதில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைப் பிடித்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நீர் எடுக்கிறார்கள், ஆகாய வண்டியில் போகிறார்கள். அந்தப் பெண் இதைத் தன் அப்பத்தாளுக்குத் தமிழில் சொன்னாளாம். கிழவி கடைசிவரை வாய் திறவாமல் கேட்டுவிட்டு, "ஏத்தா, அந்த ஊருக்குப் பஸ் எங்கே நிக்குது?" என்று கேட்டாளாம். எத்தனை மேடையில் எத்தனை மணி நேரம் பேசினாலும் அந்த ஒரு கேள்வியை அந்தக் கிழவியின் வாயிலிருந்து நம்மால் வரவழைத்திருக்க முடியுமா?

ஒரு வாத்தியார் நண்பர் கொடுத்தது வெல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1895இல் எழுதிய கால இயந்திரக் கதை. இதைப் பற்றித்தான் அந்தப் பெரியவர் கேட்டது. ஒருவன் இயந்திரத்தில் ஏறி 8,02,701ஆம் வருஷத்துக்குப் போகிறான். அங்கே மனித சாதி இரண்டாய்ப் பிரிந்திருக்கிறது. மேலே வெயிலில் விளையாடிக்கொண்டு ஒரு வேலையும் தெரியாத அழகான கூட்டம். கீழே பூமிக்குள் இருட்டில் இயந்திரங்களை ஓட்டிக்கொண்டிருக்கும் கூட்டம். இவர்கள் முற்காலத்துப் பணக்காரரும் தொழிலாளரும் என்றும், தலைமுறை தலைமுறையாய்ப் பிரிந்தே இருந்து வேறு வேறு பிறவிகளாய் ஆகிவிட்டார்கள் என்றும் அவன் ஊகிக்கிறான். கீழே இருப்பவன் இராத்திரியில் மேலே வந்து மற்றவனைத் தின்கிறான்! வெல்ஸின் தாயார் ஒரு பெரிய மாளிகையில் வீட்டு நிர்வாக வேலை பார்த்தவர். அவருக்கு எப்படி இக்கதை தோன்றியிருக்கும் என்று செட்டிநாட்டாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமா? ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள் நம்முடையவை. முகப்பு வழியாக யார் வந்தார், பின்வாசல் சந்து வழியாக யார் வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தமிழில் ஒன்றும் இல்லையா என்பீர்கள். சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய "என் இனிய இயந்திரா" இருக்கிறது. பிள்ளை பெறுவதற்கும் சர்க்கார் அனுமதி வேண்டிய ஒரு வருங்கால இந்தியா. ஜீவா என்ற தலைவரைக் கேள்வி கேளாமல் வணங்கும் ஜனங்கள். ஜீனோ என்ற இயந்திர நாயோ புத்தகம் படித்து அறிவு பெறுகிறது. முடிவைச் சொல்லமாட்டோம். சிபார்சு செய்கிறவன் முடிவைச் சொல்லிவிட்டால் அது படிக்கப் போகிறவனுக்குச் செய்யும் துரோகமாகும்.

"இனிவரும் உலகம்" என்று பெரியார் பேசி 1940களில் வெளிவந்ததையும் இந்த வரிசையில் வைக்கலாம். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கும் என்றும், உடற்சேர்க்கை இன்றியும் பிள்ளை பிறக்கும் என்றும் அதில் சொல்லப்பட்டது. பையிலே கருவி வந்துவிட்டது. 1978இல் இங்கிலாந்தில், தாய் வயிற்றுக்கு வெளியே கருவுற்ற குழந்தை பிறந்தும்விட்டது. இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லி யாரும் கற்பூரம் கொளுத்த வேண்டாம். ஏனென்றால், அதே உலகத்தில் இழிவான வேலையும் இருக்காது, இழிவாகக் கருதும் தன்மையும் இருக்காது என்றும் சொல்லப்பட்டது. அது வந்ததா? மலத்தை மனிதன் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் மற்றொரு சட்டமும் செய்தார்கள். இன்றும் சாக்கடைக் குழியில் மனிதன் இறங்குகிறான், விஷவாயுவில் சாகிறான். அந்தச் சாவையும் பையிலுள்ள கருவியிலேயே படமாய்ப் பார்க்கிறோம்.

இதிலிருந்து நமக்கு விளங்குவது என்ன? விற்றால் லாபம் வரக்கூடிய கற்பனையெல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. மனிதன் மனம் மாறினால்தான் வரும் என்ற கற்பனை மாத்திரம் வழியிலேயே நிற்கிறது. வெல்ஸ் எட்டு லட்சம் வருஷத்துக்கு அப்பால் காட்டிய பாதாளத்து மனிதன் நம் தெருவின் இரும்பு மூடிக்குக் கீழேயே இருக்கிறான். இதை இருக்கிற உலகத்தைப் பார்த்தே பழகிய கண் காணாது. வேறு உலகம் ஒன்றைக் கதையிலாவது பார்த்துவிட்டுத் திரும்பி வந்த கண்தான், "இது ஏன் இப்படியே இருக்கவேண்டும்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குத்தான் பகுத்தறிவு என்று பெயர். ஆகவே பகுத்தறிவாளர் பொய்க்கதை படிக்கலாமா என்றால், பொய் என்று தெரிந்து படிப்பதற்கு அவரைவிடத் தகுந்தவர் யார் என்று திருப்பிக் கேட்கின்றோம்.

கடைசியாக உங்களுக்குச் சில வேண்டுகோள். படித்த புத்தகத்தைப் பெட்டியில் பூட்டாதீர்கள். பக்கத்துக் கோட்டையூரில் போர்டு எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, பிறர் வேண்டாமென்ற பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஏராளமாய்ச் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் காலமான பின் அச்சேகரத்தை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வாங்கினார்கள். இன்று அது சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அவ்வளவு உங்களால் ஆகாவிட்டாலும், ஒரு புத்தகத்தை ஒருவருக்குக் கொடுக்க முடியாதா? படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள். வீட்டுப் பெண்களுக்கு முதலில் கொடுங்கள். கொடுக்கும்போது, "இதில் எது நடக்கக் கூடாது, எது நடந்தாக வேண்டும்?" என்று கேட்டுக் கொடுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எந்தப் புத்தகத்தையும் நல்லதென்று நம்பாதீர்கள். படித்துப் பார்த்து, பிடிக்கவில்லையானால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்த அந்தத் தம்பி இன்று இக்கூட்டத்தில் பின்வரிசையில் இருக்கிறார். அவர் விட்ட இடத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் இன்னும் புத்தகத்துக்குள் அப்படியே இருக்கிறது. புத்தகம் இதோ மேசைமேல் வைக்கப்பட்டிருக்கிறது. நம் பதில் சரியென்று பட்டால் எடுத்துக்கொண்டு போகட்டும். சரியில்லையென்று பட்டால், இம்மேடைக்கே வந்து ஏன் என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்ளத் தயாராயிருக்கிறோம்.