பக்கத்துத் தெருவுக்கு யார் விசா தருவது?

(மணமேல்குடியில் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாடு போய்ப் படிப்பது பற்றி, அதிலும் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் மாணவர் பரிமாற்றத் திட்டங்கள் பற்றிப் பேசச் சொல்லியிருந்தீர்கள். விண்ணப்பம், ஐஇஎல்டிஎஸ், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம். இந்த அரை மணி நேரத்தில் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வீடு.

கடல் தாண்டிப் போவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று யாரையாவது அனுப்பி வைத்த குடும்பங்கள் நிறைய. ஆனால் நம் ஆட்கள் பெரும்பாலும் கூலிக்குப் போனவர்கள். அடுக்குக் கட்டில் போட்ட அறையில் பத்துப் பேரோடு படுத்துவிட்டு வந்தவர்கள். அந்த நாட்டுக்காரர் ஒருவரின் வீட்டுக்குள் விருந்தினராக நுழைந்தவர்கள் எத்தனை பேர்?

மாணவர் பரிமாற்றம் அந்த நுழைவைத்தான் தருவதாகச் சொல்கிறது. இன்று பல நாடுகளில் இயங்கும் ஏஎஃப்எஸ் என்ற அமைப்பு, முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடமிருந்து தொடங்கியது. இரண்டாம் போரையும் பார்த்த பிறகு, 1947இல் அது பள்ளி மாணவர்களை நாடு மாற்றித் தங்கவைக்க ஆரம்பித்தது. ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் ஒருவரை ஒருவர் சுலபத்தில் சுடமாட்டார்கள் என்ற எளிய நம்பிக்கைதான் அதன் அடிப்படை. முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு அறை, சாப்பாட்டு மேசையில் ஓர் இடம், வாசற்கதவின் சாவி. அவ்வளவுதான் திட்டம்.

சாதாரணமாகத் தெரிகிறது இல்லையா? இந்த மூன்றும் நம் நாட்டில் யாருக்குக் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அண்ணல் அம்பேத்கரிடமிருந்து தொடங்குவோம். 1913இல், பரோடா மன்னர் தந்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில் நியூயார்க் போகிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிப்பு. அங்கே விடுதியில் அவரோடு தங்கியவர் நேவல் பத்தேனா என்ற பார்சி இளைஞர். ஒரே கூரை, ஒரே உணவு. அந்த நட்பு கடைசிவரை நீடித்தது.

1917இல் ஊர் திரும்புகிறார். உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலை. ஆனால் பரோடாவில் தங்க இடமில்லை. இந்து விடுதியில் சேர்க்கமாட்டார்கள். ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்குகிறார். பதினோராம் நாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது கையில் தடியோடு பன்னிரண்டு பேர் படியேறி வருகிறார்கள். மாலைக்குள் வெளியேறு என்கிறார்கள். ஓர் இந்து நண்பரைக் கேட்கிறார்: நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார் அவர். ஒரு கிறிஸ்தவ நண்பரைக் கேட்கிறார்: மனைவியிடம் கேட்க வேண்டும் என்கிறார். கடைசியில் ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார்.

நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்தவர் ஒரு பார்சி. பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். ஆகவே இது ஒரு மதத்தின் குணம் பற்றிய கதை அல்ல. இந்த மண்ணில் வீட்டு வாசலை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பது பற்றிய கதை. இந்தச் சம்பவத்தை அண்ணல் எழுதிவைத்த தொகுப்பின் பெயர் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’. விசாவுக்காகக் காத்திருத்தல். அதில் வரும் அனுபவங்கள் எல்லாம் இந்தியாவில் நடந்தவை. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்வந்தவர் தன் சொந்த நாட்டில்தான் விசாவுக்குக் காத்திருந்தார்.

அப்படியானால் வெளிநாடு போனால் சாதி போய்விடுமா? இல்லை. அதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு.

வ.வே.சு. ஐயர் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர். ஹைகேட் பகுதியிலிருந்த ‘இந்தியா ஹவுஸ்’ என்ற மாணவர் இல்லத்தில் பல மாகாணத்து இளைஞர்களோடு வாழ்ந்தவர். தனிப்பட்ட முறையில் சாதி ஆசாரம் பார்க்காதவர் என்றே அவரைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் திரும்பி வந்து சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் என்ன நடந்தது? காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் நன்கொடையும் வாங்கி நடந்த அந்தத் தேசியக் கல்விக்கூடத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி. பெற்றோர் அப்படிக் கேட்கிறார்கள் என்பது சமாதானம். 1924, 1925ஆம் ஆண்டுகளில் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து எழுப்பிய குரல் தமிழக அரசியலையே திருப்பிப் போட்டது. பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறிய பாதையில் அந்தப் பந்தி ஒரு முக்கியமான திருப்பம்.

ஐயர் கெட்டவர் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. நல்லவராக இருந்தும் நடந்தது என்பதால் சொல்கிறேன். லண்டனில் ஒருவர் எல்லாரோடும் சாப்பிடலாம். ஊருக்கு வந்ததும் ‘பெற்றோர் கேட்கிறார்கள்’, ‘வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்’ என்று பந்தியைப் பிரித்தும் விடலாம். நம்மில் எத்தனை முற்போக்காளர்களின் வீட்டில் இன்றும் இதே சமாதானம் ஓடிக்கொண்டிருக்கிறது?

என் அனுபவத்திலும் கொஞ்சம் சொல்கிறேன். ஆய்வுக்காக ஜெர்மனியில் ஆறு மாதம் ஒரு வயதான தம்பதியின் வீட்டில் தங்கியிருந்தேன். போன அன்றே சாவியைக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, “எது சாப்பிடமாட்டீர்கள்? எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது?” சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியும் சாப்பாடு பற்றியதுதான்: “நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” அங்கே கேட்டது எனக்குச் சோறு போட. இங்கே கேட்டது என்னைத் திருப்பி அனுப்ப.

அந்த வீட்டில் பாத்திரம் கழுவ முறை வைத்திருந்தார்கள். ஒரு நாள் என் தட்டை அந்தப் பெரியவர் கழுவுவார். மறுநாள் அவர் தட்டை நான் கழுவுவேன். அவர்களுக்கு இதில் எந்த அர்த்தமும் கிடையாது. தட்டு என்றால் தட்டு. எனக்கு அப்படி இருக்கவில்லை.

ஐரோப்பாவைச் சொர்க்கமாக்கவும் வேண்டாம். அதே ஊரில் வீடு தேடிய சிரியா நாட்டு நண்பர் ஒருவருக்கு, தொலைபேசியில் பெயரைச் சொன்னதுமே “வீடு போய்விட்டது” என்ற பதில் வரும். நிறவெறிக்கும் வாடகைச் சந்தை உண்டு. நம் ஆட்களின் கதையோ இன்னும் விசேஷம். வாரக்கடைசியில் ரசம் வாசனைக்கு ஆசைப்பட்டு இந்திய மாணவர்கள் சேர்ந்து எடுத்திருந்த வீட்டுக்குப் போவேன். முதலில் எந்த ஊர் என்பார்கள். பிறகு ஊரில் எந்தப் பக்கம். பிறகு குலதெய்வம் எது. ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் அந்த மூன்றாவது கேள்வி தவறவில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது என்றால், அங்கே சாதியைக் கொண்டுபோய் இறக்கியவர்கள் யார்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். விருந்தினர் என்றால் புதியவர். வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்த விருந்தோம்பல் அந்தப் புதியவரைப் பேணுவது. ஆனால் இன்று நம் வீடுகளுக்கு வரும் விருந்தாளி யார்? சொந்தக்காரர். சொந்தக்காரர் என்றால் சொந்தச் சாதிக்காரர். கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் இரவு தங்கியவர்களை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். அகமணமுறை பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்கு முந்தைய படி இது. யார் வீட்டில் யார் தங்கலாம் என்பதை முடிவு செய்துவிட்டால், யார் யாரைக் காதலிக்கலாம் என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது.

இந்த மணமேல்குடி குலச்சிறை நாயனாரின் ஊர். பிறப்பைப் பார்க்காமல் சிவனடியார் யார் வந்தாலும் வணங்கி வரவேற்றவர் என்று பெரியபுராணம் அவரைப் போற்றுகிறது. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் வந்தவர் அடியாராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதே புராணத்தில், அவர் அமைச்சராக இருந்த மதுரையில்தான் வாதில் தோற்ற சமணர்கள் கழுவேற்றப்படுகிறார்கள். அது வரலாறா, கதையா என்ற விவாதம் இருக்கட்டும். நம் கூட்டத்தில் ஒருவர் என்றால் காலில் விழுவோம், இல்லை என்றால் கழுவில் ஏற்றுவோம் என்பதை விருந்தோம்பல் என்று அழைக்க முடியுமா?

பழைய கதையை விடுங்கள். 2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வு நாடு முழுவதும் சுமார் 42,000 குடும்பங்களைச் சந்தித்தது. அதில் ஒரு கேள்வி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தால், பாத்திரத்தைப் பயன்படுத்தினால் ஆட்சேபம் உண்டா என்பது. ஏதோ ஒரு வடிவில் தீண்டாமை கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்ட குடும்பங்கள் 27 சதவீதம். வாய்விட்டு ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் இத்தனை பேர்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தையே பாருங்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அங்கே போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இறையூர் டீக்கடையில் கண்டது இரட்டைக்குவளை. காசு கொடுத்துக் குடிக்கும் டீக்கே தனிக் குவளை என்றால், வீட்டுக்குள் அழைத்துத் தரும் டீயைப் பற்றி என்ன சொல்ல?

ஆகவே வெளிநாடு போகாதீர்கள் என்கிறேனா? கட்டாயம் போங்கள். கடன் வாங்காமல் போக வழியும் தேடுங்கள். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அயலக உயர்கல்விக்கு நிதி தருகிறது. இவை பிச்சை அல்ல, உரிமை.

அந்த உரிமையை எப்படிக் கத்தரிக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றிய அரசு 2022இல் தன் விதிகளை மாற்றியது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய பாடங்களைப் படிக்க இந்தப் பணம் கிடையாது என்றது. 1916 மே 9 அன்று கொலம்பியாவில் அண்ணல் வாசித்த கட்டுரையின் பொருள் இந்தியாவில் சாதிகளின் தோற்றமும் இயக்கமும். இன்றைய விதிப்படி அந்த ஆய்வுக்கு இந்த உதவித்தொகை கிடைக்காது. நீ வெளியே போகலாம், ஆனால் உன் வீட்டைத் திரும்பிப் பார்த்து எழுதக் கூடாது என்று அதற்குப் பொருள்.

கடைசியாக, நாம் என்ன செய்யப் போகிறோம்?

2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு தன் மாணவர் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் சூட்டியது. நல்லது. ஆனால் துறைவாரியாக, சாதிப் பட்டியல்வாரியாகப் பிரிந்து வளர்ந்த விடுதிகள் அவை. எல்லாப் பிரிவு மாணவரும் ஒரே விடுதியில், ஒரே பந்தியில் என்பது அடுத்த கோரிக்கை. சமத்துவபுரத்தில் நூறு வீடுகளில் நாற்பதைத் தலித்துகளுக்கு ஒதுக்கி, மற்றவர்களையும் கலந்து குடியேற்ற முடிந்த அரசுக்கு, ஒரு விடுதியைக் கலப்பது முடியாத காரியம் அல்ல.

அரசிடம் கேட்பதோடு நிற்க முடியாது. நமக்குள்ளும் ஒரு பரிமாற்றத் திட்டம் தேவை. விமானம் வேண்டாம், சைக்கிள் போதும். இந்த வாசிப்பு வட்டம் இனி மண்டபத்தில் கூட வேண்டாம். மாதம் ஒரு வீடு, மாதம் ஒரு தெரு. அந்த வீட்டுச் சமையலறையில் ஆக்கியதை அந்த வீட்டுத் தட்டில் சாப்பிடுவோம். நேரமானால் அங்கேயே தங்குவோம்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனமாகச் செய்ய வேண்டும். ஒன்று, சேரிக்குப் போய்ச் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்வதைத் தலைவர்கள் நிறையச் செய்துவிட்டார்கள். அது சுலபம். கதவைத் திறக்க வேண்டியது மறுபக்கம். இங்கே உட்கார்ந்திருக்கும் ஆதிக்கச் சாதித் தோழர்கள்தான் முதலில் வீட்டில் பேச வேண்டும். இரண்டு, அந்தச் சண்டையை நீங்கள் போட்டு முடித்த பிறகு நண்பர்களை அழையுங்கள். உங்கள் வீட்டின் மனமாற்றத்தைச் சோதித்துப் பார்க்கும் கருவியாக ஒரு தலித் மாணவரை வாசலில் நிறுத்தாதீர்கள். வாசலில் பட்ட அவமானத்தை ஆயுளுக்கும் சுமப்பவர் அவர்தான். மூன்று, நம் புரட்சியின் வேலை முழுவதும் அம்மாக்களின் தலையில் விழக்கூடாது. ஆக்குவதும் கழுவுவதும் நாம்தான்.

உங்களில் சிலர் நாளை பெர்லினிலோ பாஸ்டனிலோ ஒரு வீட்டின் சாவியைக் கையில் வாங்குவீர்கள். வாங்க வேண்டும் என்பது என் ஆசை. அப்போது, இப்படி ஒரு சாவியை மணமேல்குடியில் யாருக்காவது கொடுத்திருக்கிறோமா என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டம் யார் வீட்டில் என்பதை, இங்கிருந்து கலைவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவோம்.